கவிச்சி புழங்குவோருக்கு வீடு இல்லை

வீட்டை வாடகைக்கு விடுகிறவள் தன் கண்ணை நம்பலாம், காதை நம்பலாம், குடிவர வந்தவனின் வாயை மட்டும் நம்பக்கூடாது என்பது சண்முகத்தாயின் கட்சி. வந்தவன் தன் குலம் கோத்திரம் உத்தியோகம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிறவரை தலையை ஆட்டிக்கொண்டிருப்பாள். மறுநாள், மோர் இருக்கிறதா என்று கேட்கிற சாக்கில், அவன் அப்போது குடியிருக்கும் வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துவிட்டு வருவாள். ஆணி பிடுங்கிய ஓட்டையைச் சாந்து வைத்து அடைத்திருந்தால் அவனுக்கு வீடு உண்டு. ஓட்டை வாயைப் பிளந்துகொண்டிருந்தால் கிடையாது. ஒரு தாசில்தாரையே அவள் இப்படி ஓட்டையில் தோற்கடித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். அந்த மனுஷன் மாற்றலாகிப் போகிறவரைக்கும் ஆணியடிக்கப் பயந்து, சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே தூங்கினார் என்று கேள்வி.

சுவரில் தேறியவனுக்கு அடுத்த பரீட்சை கிணற்றடியில். சாவியைக் கொடுக்குமுன் ஒரு வாளி தண்ணீர் இறைக்கச் சொல்வாள். இறைத்தபின் கயிற்றைச் சுருட்டி வைக்கிறானா, போட்டது போட்டபடி போகிறானா என்று பார்ப்பாள். கயிற்றைச் சுருட்டாதவன் வீட்டைக் காலி செய்கிற அன்றைக்குக் கதவுக் கொண்டியையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு போவான் என்பது அவள் கண்டறிந்தது. தனக்கும் சட்டம் வைத்திருந்தாள். மழைக்கு முன்பே ஓடு மாற்றிவிட வேண்டும். குடிவைத்தபின் அந்த வீட்டு வாசல் நடைக்குள், அவர்கள் கூப்பிடாமல், கால் வைக்கக்கூடாது. வீடு தனதுதான், ஆனால் நடை அவர்களுடையது.

தூத்துக்குடியில் பழைய துறைமுகத்துக்குப் பின்னால், லாரி திரும்புகிற அளவுக்கு அகலமான தெருவில் அவளுடைய வளவு இருந்தது. வாசலில் அவள் வீடு. உள்ளே முற்றத்தைச் சுற்றி ஐந்து வாடகை வீடுகள். கடைசி வீட்டை ஒட்டிக் கிணறு. ஊரெல்லாம் கிணற்றில் உப்புக் கரிக்கும்போது இந்த ஒரு கிணறு மட்டும் எந்தக் கோபத்தாலோ இனித்தது. துறைமுக ஆபீஸ் குமாஸ்தா சங்கரலிங்கம் அங்கே குடிவந்த நாளிலிருந்து காப்பிக்குச் சீனி வாங்குவதையே நிறுத்திவிட்டார்.

வாசல் நிலைக்கு மேல் ஒரு வேங்கைப் பலகை. 'கவிச்சி புழங்குவோருக்கு வீடு இல்லை' என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும். சண்முகத்தாயின் புருஷன் உயிரோடிருந்தபோது எழுதி மாட்டியது. மீன், கருவாடு, கறி, முட்டை எதுவும் படியேறக்கூடாது. அந்தத் தெருப் பூனைகள்கூட அந்தப் பலகையை ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும்.

புதுத் துறைமுகத்தில் கப்பல் வர ஆரம்பித்த மறுவருஷம், புருஷனின் சித்தப்பா மகன் காசிலிங்கம் அந்த வளவின்மேல் கண் வைத்தான். அவன் கிளியரிங் ஏஜெண்டு. சரக்கு இறக்கி வைக்கக் குடோன் வேண்டும். லாரி திரும்ப இடம் வேண்டும்.

"மதினி, ஒத்தப் பொம்பளையா இருந்துக்கிட்டு, கூரை ஒழுகுது, கொண்டி விழமாட்டேங்குதுன்னு இவனுவ சத்தத்த எத்தன நாளைக்குக் கேப்பீய? எனக்கு எழுதிக் குடுத்துட்டு, திருச்செந்தூர்ல ஒரு ரூமப் பாத்து முருகனக் கும்பிட்டுக்கிட்டு இருங்களேன்" என்றான்.

"கூரை ஒழுகுனா ஓடு மாத்துவேன். ஒனக்கு வாய் ஒழுகுதே, அதுக்கு எத மாத்த?" என்றாள் சண்முகத்தாய்.

காசிலிங்கம் சிரித்துக்கொண்டே போனான். பங்குனியில் ஓர் ஆளோடு வந்தான். "மதினி, வளவுப் பேச்ச விடுங்க. ஒரு உபகாரம். இவரு வன்னியபெருமாள். ஏற்றுமதி வியாபாரி. சுத்த சைவம். நம்ம பொறுப்பு" என்றான். கடைசி வீடு காலியாக இருந்தது. சொந்தக்காரன் கூட்டிவந்த ஆளாயிற்றே என்று சண்முகத்தாய் சுவர் பார்க்கப் போகவில்லை. கிணற்றடிக்கும் அனுப்பவில்லை. வாழ்நாளில் அந்த ஒருதடவைதான்.

வன்னியபெருமாள் கொண்டுவந்த சாமான் ஒரு பாய், ஒரு விளக்கு, நாலு பெரிய தகர டிரம். மறுநாள் கடற்கரையிலிருந்து மாட்டுவண்டியில் கடல் அட்டை வந்து இறங்கியது.

கடல் அட்டை என்பது கடலுக்கடியில் பிஞ்சுச் சுரைக்காய் போலச் சும்மா கிடக்கிற ஒரு ஜீவன். நம் பக்கத்தில் யாரும் தின்பதில்லை. அதை டிரம்மில் போட்டு அவித்து, மணலில் புதைத்து, மேல்தோல் அழுகியதும் தோண்டி எடுத்துக் காலால் தேய்த்து, மறுபடி அவித்துக் காயவைத்தால் சிங்கப்பூருக்குக் கப்பல் ஏறும். ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில் செய்கிற வேலை. வன்னியபெருமாள் அதைக் கிணற்றடியில் செய்தான்.

"ஏன்யா, வாசல்ல எழுதியிருக்கே, கண்ணு தெரியலியா?" என்று சண்முகத்தாய் முற்றத்தில் நின்று கத்தினாள்.

"தெரியுதும்மா. நான் இதத் திங்கவா செய்யுதேன்? தின்னுறவன் சிங்கப்பூர்ல இருக்கான். அவன நீங்க குடிவச்சாத்தான் தப்பு."

அந்த நாற்றத்தைப் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். கூட்டிச் சொல்கிறவர்களை நம்ப வேண்டியதில்லை. நடந்தது இவ்வளவுதான்: வளவுக்கு மேலாகப் பறந்த காக்கைகள் பாதியில் திரும்பி ரயில்வே ஸ்டேஷன் வழியாகச் சுற்றிக்கொண்டு போயின. பால்காரரின் எருமை வாசலுக்கு வந்து நின்றதும் நேராகத் தயிரே கறந்தது. சங்கரலிங்கத்தின் சுவர்க்கடிகாரம் இரண்டு முள்ளையும் ஒன்றுசேர்த்து மூக்கை மூடிக்கொண்டு நின்றுவிட்டது. ஒருநாள் மூட்டத்தில் கலங்கரை விளக்கம் தெரியாமல் தவித்த ஒரு கப்பல் கேப்டன், இந்த வாடையைப் பிடித்துக்கொண்டே வந்து சரியாக நங்கூரம் போட்டார்.

சண்முகத்தாய் வக்கீல் பொன்னுதுரையிடம் போனாள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவள் சேலையில் வாடை வந்திருந்தது.

"வாடகை ஒழுங்காக் குடுக்கானா?"

"ஒண்ணாந்தேதி காலைல நான் பல்லு வெளக்கு முன்ன வந்து நிக்கான்."

"அப்பச் செரமந்தான். கேஸு போடலாம். நல்லாப் போடலாம். தீர்ப்பு வாங்க உங்க பேரனுக்குப் பேரன் வக்கீலுக்குப் படிச்சிருக்கணும், அவ்வளவுதான்."

அதற்குள் ஒரு வீடு காலியானது. ஆனியில் இன்னொன்று. காசிலிங்கம் கணக்குத் தப்பாத ஆள். ஆனி முடிந்தால் ஆடி. ஆடியில் எவனும் வீடு மாற மாட்டான். போகிறவன் ஆனிக்குள் போவான். வருகிறவன் ஆவணிக்கு முன் வரமாட்டான். நடுவில் ஒரு மாதம் வளவு பேய் வீடாகக் கிடக்கும். இருட்டு வீட்டுக்கு நடுவில், அந்த நாற்றத்தில், ஒரு பொம்பளை எத்தனை நாள் வீம்பு பேசுவாள்?

ஆனிக் கடைசியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. திருச்செந்தூரில் எல்லாரும் கூடியிருந்தார்கள். இலை எடுத்தபின் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் காசிலிங்கம் எல்லார் காதிலும் விழும்படி கேட்டான்:

"என்ன மதினி, ஆடி பொறக்கும்போது வளவுல எத்தன வெளக்கு எரியும்? நீங்க ஒரு வெளக்கு, வன்னியபெருமாள் ஒரு வெளக்கு. நல்ல சோடி."

சிரிப்பு எழுந்தது. சண்முகத்தாய் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்தாள். பூசைத் தட்டிலிருந்த கற்பூரத்தை எடுத்துத் தரையில் வைத்துக் கொளுத்தினாள்.

"ஏலே காசி, கேட்டுக்கோ. சொந்தமெல்லாம் கேட்டுக்கோங்க. ஆடி ஒண்ணாந்தேதி வெளக்கு வைக்கிற நேரத்துல எம் வளவுல எல்லா வீட்டுலயும் வெளக்கு எரியும். ஒரு வீடு இருட்டாக் கெடந்தாலும் நீ கேட்ட வெலைக்கு அன்னைக்கே எழுதித் தாரேன். எல்லாம் எரிஞ்சிட்டுன்னா நீ கூட்டியாந்தவன நீயே கூட்டிட்டுப் போயிரணும். அப்புறம் இந்தத் தெருப்பக்கம் ஒன் லாரி ஆரன் சத்தங்கூடக் கேக்கப்படாது."

ஊரில் பெரியவரான தளவாய் மாமா கற்பூரம் அணைகிறவரை பார்த்துக்கொண்டிருந்து, "சத்தியம் சத்தியந்தான். நான் சாட்சி" என்றார்.

பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் சண்முகத்தாய்க்குத் தான் செய்தது உறைத்தது. கூட்டத்தில் வாய் கொடுப்பதற்குமுன் சாவிக்கொத்தை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சட்டம் அவள் இதுவரை வைத்துக்கொள்ளவில்லை.

ஆனி கடைசிநாள் காலையில் மூன்றாவது வீடும் சாமானைக் கட்டியது. மத்தியானம் சங்கரலிங்கமே தட்டுவண்டியோடு வந்து நின்றார்.

"சங்கரலிங்கம், நீங்களுமா? கெணத்துத் தண்ணி மேல சத்தியமா நீங்க போகமாட்டியன்னு நெனச்சேனே."

"நானாம்மா போறேன்? எம் மூக்கு போவுது, நான் பின்னால போறேன். இன்னைக்கு விட்டா ஆடி பொறந்துரும்லா, அப்புறம் எங்க மாற?" போகும்போது ஒரு குடம் தண்ணீரை வண்டியில் ஏற்றிக்கொண்டு, அழுதுகொண்டே போனார்.

ஆடி முதல் தேதி விடிந்தது. நாலு வீட்டில் பூட்டுத் தொங்கியது. சண்முகத்தாய் காலையிலேயே கிளம்பி, வீடு தேடி முன்பு தன்னிடம் வந்து போனவர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தாள். சுவரில் தோற்றவர்களையும் விடவில்லை. எல்லா வீட்டிலும் ஒரே பதில்: "ஆடியிலயா?" அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஒருத்தி மட்டும் சேர்த்துச் சொன்னாள், "ஆவணியா இருந்தாலும் அந்த நாத்தத்துக்கு நாங்க வரமாட்டோம்க்கா."

வெயில் ஏறத் திரும்பி வந்து வாசலில் நின்றாள். பத்திரம் எழுதுகிறவரோடு சாயங்காலம் வருவதாகக் காசிலிங்கம் ஆள் விட்டுச் சொல்லியிருந்தான். பலகையை அண்ணாந்து பார்த்தாள். காசிலிங்கத்துக்கு நம்பிக்கை இரண்டின்மேல்தான். ஒன்று ஆடி மாசம். இன்னொன்று ஊராரின் மூக்கு. இந்த இரண்டுக்கும் கட்டுப்படாத ஜனம் ஊரில் உண்டா? யோசிக்க வேண்டியதே இல்லை. கூப்பிடு தூரத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர்களில் ஒருவன் இதே வாசலுக்கு வந்து வீடு கேட்டு நின்றான். அவள் பலகையைக் கையால் காட்டினாள். அவன் வந்த வழியே திரும்பிப் போனான்.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்தாள்.

அந்த வருஷம் கச்சான் காற்று பேயாட்டம் ஆடிக்கொண்டிருந்தது. கடற்கரைக் குடிசைகளின் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. இனிகோ என்ற சங்கு குளிக்கிறவனின் கூரை, ஓர் ஓலைகூடக் கலையாமல் பறந்துபோய் ராமேஸ்வரம் பக்கம் கூரையில்லாத ஒரு வீட்டின்மேல் அளவெடுத்தது போல உட்கார்ந்துவிட்டதாகவும், அந்த வீட்டுக்காரன் வாசல் எந்தப் பக்கம் என்று கேட்டு ஆள் அனுப்பியதாகவும் சொன்னார்கள். நாலு குடும்பங்கள் மாதா கோயில் மதிலோரம் சட்டிபானையோடு கிடந்தன. ஊருக்குள் வீடு கேட்டுப் போனால், பூட்டுத் தொங்குகிற வீட்டைக் காட்டியே "காலியில்ல" என்றார்கள்.

சண்முகத்தாயைப் பார்த்ததும் இனிகோ எழுந்திருக்கவில்லை. வலை பின்னுகிற கையை நிறுத்தாமல், "என்னம்மா, வழி தவறி வந்துட்டீயளா? இங்கன போர்டு ஒண்ணும் இல்லயே" என்றான்.

"வீடு தர வந்திருக்கேன்."

"யாருக்கு?"

"ஒங்களுக்குத்தான். நாலு வீடு இருக்கு. இன்னைக்கே வரணும்."

இனிகோவின் பெண்டாட்டி மிக்கேலம்மாள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "ஏன், நாங்க கவிச்சிய விட்டுட்டு மரக்கறிக்கு மாறிட்டோம்னு ஒங்ககிட்ட எவன் சொன்னான்?"

"மாற வேண்டாம். மறைக்காமச் சொல்லுதேன். அங்க ஒருத்தன் அட்டை அவிக்கான். நாத்தம் கொடலப் புடுங்குது. குடியிருந்தவியெல்லாம் ஓடிட்டாவ. இன்னைக்கு ஆடி ஒண்ணு. சாயங்காலம் எல்லா வீட்டுலயும் வெளக்கு எரியலன்னா வளவு எங் கைய விட்டுப் போயிரும்."

"ஒங்க ஆளுவ வராத எடத்துக்கு, வேற நாதியில்லாம எங்கள்ட்ட வந்திருக்கீய" என்றான் இனிகோ.

"ஆமா" என்றாள் சண்முகத்தாய். "வேற நாதியில்லாமத்தான் வந்திருக்கேன். நீங்களும் வேற நாதியில்லாமத்தான் மதிலோரம் கெடக்கீய. இதுல யாரு யாருக்குக் கூச்சப்படணும்?"

இனிகோவின் கை வலையில் நின்றது. மிக்கேலம்மாள் முந்திக்கொண்டாள். "வாடகைய மாசம் பொறந்தா எடுத்து வைன்னா எங்களால ஆவாது. சனிக்கெழமதான் எங்களுக்குப் பங்கு பிரிப்பாவ. சனிக்கெழமைக்குச் சனிக்கெழம தருவோம். கடலுக்குப் போகாத வாரம் வாயத் தொறக்கப்படாது. அடுத்த வாரம் சேத்துத் தருவோம்."

சண்முகத்தாய் ஒரு நிமிஷம் யோசித்தாள். காசு வருகிற நாளில் கேட்டால் சிரித்துக்கொண்டே தருவான். தீர்ந்த நாளில் கேட்டால் சண்டைதான் வரும். இத்தனை வருஷமாக ஒண்ணாந்தேதி ஒண்ணாந்தேதி என்று தான் கட்டிக்கொண்டு அழுதது சம்பளக்காரர்களின் சட்டம் என்று அப்போதுதான் புரிந்தது. "சரி, சனிக்கெழம" என்றாள்.

"அட்வான்சு?"

"சாயங்காலம் வெளக்கு எரியணும். அதான் அட்வான்சு."

இனிகோ எழுந்தான். "இன்னும் ஒண்ணு இருக்கு. அந்தப் பலக கெடக்க வாசல்ல எம் பொண்டாட்டி பிள்ள தல குனிஞ்சு நொழையாது."

"வா, நீயே வந்து பாரு" என்று அவள் முன்னால் நடந்தாள்.

தெருவே வாசலில் நின்று பார்க்க, சண்முகத்தாய் முக்காலி போட்டு ஏறினாள். இனிகோ கை நீட்டியதற்கு, "தள்ளு, மாட்டும்போது முக்காலியப் புடிச்சவ நான். கழத்த எனக்குத் தெரியும்" என்றாள். அம்மிக்குழவியால் நாலு போடு. பலகை தரையில் விழுந்தது. பிடுங்கிய ஆணி ஓட்டை இரண்டையும் அங்கேயே, அப்போதே, சாந்து குழைத்து அடைத்தாள். இவ்வளவு அவசரத்திலும் அதை மட்டும் விடவில்லை.

அடுத்த வீட்டு சந்தனமாரி மூக்கில் முந்தானையை வைத்துக்கொண்டு, "ஏ சம்முகத்தாயி, புத்தி கெட்டுப்போச்சா? நாளைக்குத் தெருவெல்லாம் மீன் வாடை அடிக்குமே!" என்றாள்.

"இன்னைக்கு அடிக்கதுக்குப் பேரென்ன ஏளா, தாழம்பூவா?"

நாலு குடும்பத்துச் சாமானும் வந்து இறங்கியது. மிக்கேலம்மாள் முற்றத்தின் நடுவில் நின்று நாலாபக்கமும் முகர்ந்து பார்த்தாள். சண்முகத்தாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாத்தம் நாத்தம்னீயளே, எங்க?" என்றாள் மிக்கேலம்மாள். "வரும்போது தெருமொனையில ஒரு பூக்கடை. அந்த மல்லிப்பூ வாடைதான் எனக்குத் தலைய வலிச்சிட்டு."

சண்முகத்தாய் இனிகோவிடம் வாளியைக் கொடுத்தாள். சட்டம் சட்டந்தான். அவன் ஒரு வாளி இறைத்தான். ஒரு வாய் குடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு கயிற்றைச் சுருட்டினான். நாக்குட்டி படுத்திருக்கிற மாதிரி வட்டத்துக்குள் வட்டமாகக் கயிறு படுத்துக்கொண்டது. முப்பது வருஷமாக அந்தக் கயிற்றைப் பார்த்திருந்தவளுக்கு, அது இவ்வளவு அழகாகப் படுக்கும் என்று தெரியாது. நாலு சாவியையும் கொடுத்துவிட்டாள்.

சங்கரலிங்கம் இருந்த வீட்டுக் குசினியில் மிக்கேலம்மாள் அடுப்பு மூட்டினாள். "அம்மா, மீன் அரிய அருவாமனைய வைக்க ஒரு பலக கெடைக்குமா? தரை சமமில்ல" என்று குரல் வந்தது. சண்முகத்தாய் முற்றத்தில் சுற்றிலும் பார்த்தாள். சமமான பலகை ஒன்றுதான் கிடந்தது.

வெயில் சாய்ந்ததும் காசிலிங்கம் வந்தான். லேஞ்சியை மூக்கில் கட்டியிருந்தான். பின்னால் பத்திரம் எழுதுகிறவர், சாட்சிக்குத் தளவாய் மாமா, வேடிக்கைக்குச் சொந்தக்காரர்கள் பாதிப்பேர். அத்தனை பேர் கையிலும் கைக்குட்டை. துக்க வீட்டுக்கு வருகிற ஊர்வலம் போலிருந்தது.

முற்றத்துக்குள் வந்ததும் காசிலிங்கம் நின்றான். முதல் வீட்டில் மாதா படத்துக்கு முன் மெழுகுவத்தி. இரண்டாவதில் அரிக்கேன் விளக்கு. மூன்றாவதில் சிம்னி. நாலாவதில் இரண்டு மெழுகுவத்தி. வாசலில் சண்முகத்தாயின் குத்துவிளக்கு.

"இது என்ன கூத்து? ஆடியில குடிவந்தா செல்லாது!" என்று கத்தினான்.

"எங்களுக்குக் காத்தும் நீரோட்டமுந்தான் கணக்கு அண்ணாச்சி" என்றான் இனிகோ. "ஆடி ஆவணியெல்லாம் கரையில இருக்கவிய பாத்துக்கிடுங்க."

"மெழுகுவத்தியெல்லாம் வெளக்குல சேருமா?"

தளவாய் மாமா முன்னால் வந்து ஒவ்வொரு வீட்டையும் எட்டிப் பார்த்தார். "எரியுதா, எரியுது. வெளக்குத்தான்" என்றார்.

காசிலிங்கம் சட்டென்று சிரித்தான். லேஞ்சிக்குள் சிரிப்பு குலுங்கியது. "எல்லா வீட்டுலயும்னுதான மதினி கற்பூரம் அடிச்சீய? அந்தாக் கெடக்கு பாருங்க."

கிணற்றை ஒட்டிய கடைசி வீடு கன்னங்கரேலென்று கிடந்தது.

சண்முகத்தாய் கிணற்றடிப் பக்கம் திரும்பினாள். காலி வீடுகளைப் பற்றியே நாலு நாளாக நினைத்தவள் இந்த வீட்டை நினைக்கவே இல்லை. "வன்னியபெருமாளு! ஏன் வெளக்கேத்தல?" என்றாள்.

உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "கண்ணு கூசுதும்மா. வாடகை குடுத்த வீட்டுல இருட்டுல இருக்க எனக்கு உரிமையில்லயா?"

இனிகோ வேட்டியை மடித்துக் கட்டினான். "சொல்லுங்கம்மா, நான் போயி ஏத்துதேன்."

"நில்லு" என்றாள் சண்முகத்தாய். "குடியிருக்கவன் கூப்பிடாம அந்த நடையில யாரும் கால் வைக்கப்படாது. நான் வச்ச சட்டம். வளவு போனாலும் போவுது, நாளைக்கு ஒன் வீட்டு நடையிலயும் இதே சட்டந்தான் நிக்கணும்."

பத்திரம் எழுதுகிறவர் உட்கார இடம் பார்த்தார். காசிலிங்கம் பேனாவைத் திறந்து கொடுத்தான். அப்போது மிக்கேலம்மாள் ஒரு தட்டோடு குசினியிலிருந்து வந்தாள். சோறும், அதன்மேல் சாளை மீன் குழம்பும். ஆவி பறந்தது. யாரையும் பார்க்காமல் கிணற்றடிக்குப் போய், கடைசி வீட்டு நடைக்கு வெளியே நின்றுகொண்டு, தட்டை மட்டும் உள்ளே நீட்டினாள்.

"அண்ணாச்சி, புதுசாக் குடிவந்திருக்கோம். அக்கம்பக்கத்துக்குக் குடுக்காம நாங்க திங்கறதில்ல. தட்டப் பெறவு தாங்க."

இருட்டிலிருந்து இரண்டு கை வந்து தட்டை வாங்கிக்கொண்டது.

வன்னியபெருமாள் சுத்த சைவமெல்லாம் இல்லை. வேம்பார்ப் பக்கத்துக்காரன்; பிறந்து பால்குடி மறந்த நாளிலிருந்து மீனில் வளர்ந்தவன். பலகைச் சட்டத்தை மீறினால் அந்தச் சாக்கில் கிழவி கிளப்பிவிடுவாள் என்று காசிலிங்கம் பயமுறுத்தி வைத்திருந்ததால், பங்குனியிலிருந்து மோர்ச்சோறும் ஊறுகாயுமாகத் தின்றுகொண்டிருந்தான்; கனவில்கூட வாய்க்குள் மீன் வந்து மீன் வந்து திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

முற்றத்தில் எல்லாரும் காது கொடுத்து நின்றார்கள். உள்ளே தட்டில் விரல் படுகிற சத்தம். ஒரு சப்பு. பிறகு, "ஸ்ஸ்." சாளையில் சதையைவிட முள் அதிகம். இன்னொரு தரம், "ஸ்ஸ். யப்பா." பிறகு வெறும் சோற்றை அள்ளித் தொண்டையில் குத்திய முள்ளை உள்ளே தள்ளுகிற ஒரு விழுங்கல்.

"வன்னியபெருமாளு, பொறுத்துக்கோ!" என்று காசிலிங்கம் கூவினான். "காலைல தின்னுக்கலாம்!"

"காலைல ஆறிரும் அண்ணாச்சி" என்றது இருட்டு.

தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. கடைசி வீட்டில் விளக்கு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் வன்னியபெருமாள், உலகத்தில் வேறு யாருமே இல்லாதது போல, குனிந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான்.

தளவாய் மாமா லேஞ்சியை மூக்கிலிருந்து எடுத்தார். "எல்லா வீட்டுலயும் எரியுது. காசி, ஒன் ஆளக் கூட்டிட்டுப் போ."

"தின்னுட்டு வாரேன்" என்றான் வன்னியபெருமாள். தின்று, கைகழுவி, டிரம்மை உருட்டிக்கொண்டு வந்தவன் சண்முகத்தாய் முன்னால் நின்றான். "அம்மா, அட்டைய நான் கடக்கரையிலயே அவிச்சிக்கிடுதேன். நான் மட்டும் இங்கன இருந்துக்கிடட்டுமா?"

"இன்னைக்கு அவங்கூடப் போ. சத்தியம் சத்தியந்தான். டிரம்ம விட்டுட்டு ஆளா ஒருநாள் வா. வந்து கெணத்துல ஒரு வாளி எறைச்சிக் காட்டு. கயித்த என்ன செய்யுதன்னு பாத்துட்டுச் சொல்லுதேன்."

காசிலிங்கம் போகிற போக்கில் குசினி வாசலில் நின்றுவிட்டான். அருவாமனைக்கு அடியில் வேங்கைப் பலகை கிடந்தது. எழுத்தின்மேல் செதில் பளபளத்தது.

"இது எங்கண்ணன் எழுதுன போர்டுல்லா! மதினி, சொந்தம் முழுக்கப் பாத்துக்கிட்டு நிக்கி. இனி எவனும் ஒங்க வளவுல பச்சத் தண்ணி குடிக்கமாட்டான், தெரிஞ்சுக்கோங்க!"

சண்முகத்தாய் அவனைப் பார்த்தாள். அவன் பின்னால் கைக்குட்டையோடு நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். மீன் வாடை அவளுக்குக் குமட்டிக்கொண்டுதான் வந்தது. அது அவள் மூக்கின் பாடு. அதற்குக் குடித்தனக்காரர்கள் என்ன செய்வார்கள்?

"குடிக்காட்டிப் போங்க, கெணத்துல எனக்குத் தண்ணி மிச்சம்" என்றாள். "ஒங்கண்ணன் நல்ல வேங்கையாப் பாத்துத்தான் வாங்கியிருக்காரு காசி. அருவாமன கொஞ்சங்கூட ஆடமாட்டேங்கு."